மட்டைக்காரன் சட்டம்

தெரு கிரிக்கெட்டுக்கு ஓர் அரசியல் சாசனம் உண்டு. எங்கும் எழுதி வைக்கவில்லை, ஆனால் பத்து வயதுப் பையனுக்கும் மனப்பாடம். ஒன் பிட்ச் ஒன் ஹேண்ட் கேட்ச் அவுட். ஆஃப் சைடில் வீடு இருந்தால் அந்தப் பக்கம் ரன் கிடையாது. பந்து நேராகக் காம்பவுண்டைத் தாண்டி விழுந்தால் அவுட். அடித்தவனே போய் எடுத்து வரவேண்டும், அந்த வீட்டுக்காரம்மாவின் வசவும் அவனுக்கே சேரும். முதல் பந்து ட்ரையல். ஆள் குறைந்தால் ஒருத்தன் இரண்டு பக்கமும் ஜோக்கர். இத்தனைக்கும் மேலே, எல்லாச் சட்டத்துக்கும் தாய்ச் சட்டமாக ஒன்று: மட்டைக்குச் சொந்தக்காரன் ஒப்புக்கொண்டால்தான் அவன் அவுட்.

ரயில்வே லைனுக்குக் கிழக்கே, எங்கள் அண்ணாமலை நகரில் எந்த லீவு நாளிலும் இதைப் பார்க்கலாம். ஸ்டம்ப் சாய்ந்து கிடக்கும். (ஸ்டம்ப் என்பது பெரும்பாலும் மூன்று செங்கல்.) மட்டைக்காரன் மட்டும் நகரமாட்டான். "நான் ரெடியே ஆகலைடா" என்பான். கோபித்துக்கொண்டு மட்டையோடு வீட்டுக்குப் போய்விட்டால் ஆட்டமே கிடையாதே? ஆகவே பத்துப் பேரும் கூடிப் பேசி 'நாட் அவுட்' என்று ஏகமனதாகத் தீர்மானிப்பார்கள். பச்சை அநியாயம்தான். ஆனால் யாரும் போலீஸுக்குப் போவதில்லை. விளையாட்டுதானே!

இந்த 'விளையாட்டுதானே'யைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். 'விளையாட்டாகச் சொன்னேன்' என்றால் அந்தப் பேச்சுக்கு நான் பொறுப்பில்லை என்று அர்த்தம். 'விளையாட்டுப் பிள்ளை' என்றால் அவனை மன்னித்துவிட வேண்டும். நம் மொழியில் அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு விதிவிலக்கு ஒளிந்திருக்கிறது: இங்கே நடப்பது நிஜ வாழ்க்கைக் கணக்கில் சேராது. ஆனால் அதுவே ஒருவனுக்குச் சம்பளமாகிவிட்டால்? வீட்டு வாடகை, மளிகைக் கடன், தங்கை கல்யாணம் எல்லாம் அந்தக் கால் பந்தை உதைப்பதில்தான் இருக்கிறது என்றால்? அப்போதும் மட்டைக்காரன் சொல்வதுதான் சட்டமா?

இந்தக் கேள்வியை ஐரோப்பாவில் ஒருவர் ஐந்து வருஷம் கோர்ட்டில் கேட்டுக்கொண்டே இருந்தார்.

பெயர் ழான்-மார்க் பாஸ்மன். பெல்ஜியத்துக் கால்பந்து ஆட்டக்காரர். சுமாராக ஆடுகிறவர்தான், பெலேயோ மரடோனாவோ இல்லை. லியேஜ் நகர க்ளப்போடு அவருக்கிருந்த ஒப்பந்தம் 1990-ல் முடிந்தது. மாதம் சுமார் 1,20,000 பெல்ஜிய ஃபிராங்க் வாங்கிக்கொண்டிருந்தவரிடம், "இனிமேல் 30,000 தருகிறோம், இருக்கிறாயா?" என்றது க்ளப். இல்லை என்றார். எல்லையைத் தாண்டி, பிரான்ஸில் டன்கிர்க் என்ற ஊரின் இரண்டாம் டிவிஷன் க்ளப் அவரை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. அங்கேதான் சிக்கல். ஒப்பந்தம் முடிந்து போனாலும் ஆட்டக்காரர் பழைய க்ளப்பின் சொத்து. புது க்ளப் விலை கொடுத்துத்தான் வாங்கவேண்டும் என்பது அந்தக் காலத்து விதி. பெல்ஜிய விதிப்படி அவர் தலைக்குப் போட்ட விலை ஒரு கோடி ஃபிராங்குக்கு மேல்! 30,000 சம்பளத்துக்குத்தான் லாயக்கு என்று சொன்ன அதே ஆளுக்கு ஒரு கோடி. பணம் வருமா என்று லியேஜுக்குச் சந்தேகம் வந்தது, காகிதத்தை அனுப்பவில்லை. பாஸ்மனைச் சஸ்பெண்டும் செய்தது.

கொஞ்சம் நம் ஊர்க் கணக்கில் யோசியுங்கள். சிதம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறீர்கள். கணக்கு முடித்து விலகிவிட்டீர்கள். கடலூரில் இன்னொரு கடைக்காரர் கூப்பிடுகிறார். பழைய முதலாளி குறுக்கே வந்து, "இவன் துணி மடிக்கக் கற்றுக்கொண்டது என் கடையில், எட்டு லட்சம் எடுத்து வை" என்கிறார். சிரிப்பீர்கள், இல்லை சட்டையைப் பிடிப்பீர்கள். கால்பந்தில் பல பத்தாண்டுகள் யாரும் சிரிக்கவில்லை. விளையாட்டுதானே.

1995 டிசம்பர் 15. லக்ஸம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியத்தில் எந்த நாட்டுத் தொழிலாளியும் எந்த நாட்டுக்கும் போய் வேலை பார்க்கலாம் என்று ஒப்பந்தம் இருக்கிறது. கால்பந்து ஆட்டக்காரரும் தொழிலாளிதான். ஒப்பந்தம் முடிந்த ஆளுக்கு விலை கேட்கக்கூடாது. ஓர் அணியில் இத்தனை வெளிநாட்டவர்தான் ஆடலாம் என்ற கட்டுப்பாடும் ஒன்றியத்துக் குடிமக்கள் விஷயத்தில் செல்லாது. அவ்வளவுதான், ஐரோப்பியக் கால்பந்தின் முகமே மாறிப்போனது. அதன்பிறகு ஆட்டக்காரர்கள் கோடிகளில் புரண்டார்கள். பாஸ்மன் மட்டும் புரளவில்லை. கேஸ் முடிந்தபோது ஆடுகிற வயசு போய்விட்டது. குடி, மனச்சோர்வு, பணக் கஷ்டம். வாசலைத் திறந்துவிட்டவன் உள்ளே போக முடியாமல் போவது புதுக் கதையில்லை.

இதற்கு விதை போட்டது இன்னும் பழைய ஒரு வழக்கு. 1974-ல் வால்ரேவ், கோக் என்று இரண்டு டச்சுக்காரர்கள். சைக்கிள் பந்தயத்தில் சைக்கிள்காரனுக்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் போய்க் காற்றை மறைத்துக்கொடுக்கிற தொழில். (இப்படியும் ஒரு தொழில்!) சைக்கிள்காரனும் இவரும் ஒரே தேசமாக இருக்கவேண்டும் என்று சங்கம் விதி போட்டது. பிழைப்பு போய்விடும் என்று வழக்குப் போட்டார்கள். அப்போது நீதிமன்றம் ஒரு கோடு கிழித்தது. தேசிய அணியில் அந்த தேசத்துக்காரன்தான் ஆடவேண்டும் என்பது விளையாட்டு விவகாரம், அதில் நாங்கள் தலையிடமாட்டோம். ஆனால் பணம் புழங்குகிற இடத்தில் விளையாட்டும் சட்டத்துக்கு உட்பட்டதே.

இதையெல்லாம் எங்கள் தெருவில் ரிட்டயரான பி.டி. மாஸ்டர் ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். முப்பது வருஷம் விசில் ஊதியவர். யூனிவர்ஸிட்டி கிரவுண்டைத் தினம் ஆறு சுற்று நடக்கிறவர், பேசும்போதும் நிற்கமாட்டார். எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

"தம்பி, கிரவுண்டுக்குள்ள கோர்ட் வந்தா ஆட்டம் செத்துப்போகும்" என்றார் ஒரே வரியில்.

"ஏன் மாஸ்டர்?"

"அம்பயர் தப்பாக் குடுத்தாலும் அவுட்டுதான். தலையைக் குனிஞ்சுட்டு நடக்கணும். அதைத்தான் நான் பசங்களுக்குச் சொல்லிக் குடுத்தேன். தோத்தா ஒத்துக்கணும்கிறது சின்னப் பாடமில்லே. கோர்ட்டு வந்துட்டா எல்.பி.டபிள்யூ.வுக்கு ஒருத்தன் ஸ்டே வாங்குவான். ஆஃப்சைடுக்கு ரிட் போடுவான். கடைசியில யாருக்கு வக்கீல் பெருசோ அவனுக்குத்தான் கப்பு!"

சும்மா ஒதுக்கிவிடக்கூடிய பேச்சில்லை இது. விளையாட்டு என்பதே நாம் விரும்பி ஏற்றுக்கொண்ட ஒரு செயற்கைச் சட்டம். கையால் தொடக்கூடாது என்று கால்பந்தில் யார் சொன்னது? நாமே சொல்லிக்கொண்டோம். அதை நியாயமா என்று கேட்டால் அர்த்தமில்லை. அம்பயரின் விரலுக்கு அப்பீல் இல்லை என்பதில் ஒரு பெரிய ஒழுக்கம் இருக்கிறது. மனிதன் தன் அதிர்ஷ்டத்தோடு சமாதானமாகப் போகக் கற்றுக்கொள்கிற இடம் அது. ஐரோப்பிய நீதிபதிகளும் இதை மறுக்கவில்லை. ஆஃப்சைடு கோட்டில் அவர்கள் கை வைக்கவில்லை.

ஆனால் மாஸ்டர், அவுட் ஆனவன் பெவிலியனுக்குப் போகிறான். அடுத்த மேட்ச் ஆட வருகிறான். பாஸ்மனால் வர முடியவில்லையே? மைதானத்துக்குள் தோற்பதும், மைதானத்துக்குள்ளேயே வரவிடாமல் செய்வதும் ஒன்றாகுமா?

மாஸ்டர் பதில் சொல்லவில்லை. வேகத்தைக் கூட்டினார்.

கோடு கிழிப்பது சுலபமாக இருந்தால் நானும் இந்தப் பக்கத்தை இங்கேயே முடித்துவிடலாம். 2006-ல் அந்த நீதிமன்றமே தன் பழைய கோட்டைப் பாதி அழித்தது. மெக்கா-மெடினா, மாய்ட்சென் என்று இரண்டு நெடுந்தூர நீச்சல் வீரர்கள். 1999-ல் பிரேசிலில் ஒரு போட்டி முடிந்ததும் நடந்த சோதனையில் நாண்ட்ரலோன் என்ற ஊக்கமருந்தின் தடயம். தடை. "மருந்தெல்லாம் சாப்பிடவில்லை, ஊரில் ஆண் பன்றிக் குடல் கறி சாப்பிட்டோம், அதில் இயற்கையாகவே இது இருக்கிறது" என்றார்கள். கேட்க வேடிக்கையாக இருந்தாலும், அந்த இறைச்சியிலிருந்து அப்படி வரமுடியும் என்று ஆராய்ச்சியும் சொன்னது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனபோது விளையாட்டுச் சங்கத்தின் வாதம், ஊக்கமருந்துத் தடை முழுக்க முழுக்க விளையாட்டு விவகாரம், வெளியே போங்கள் என்பது.

நீதிமன்றம் வெளியே போகவில்லை. ஒரு விதிக்கு 'விளையாட்டு விதி' என்று பெயர் வைத்துவிட்டால் மட்டும் அது சட்டத்துக்கு அப்பால் போய்விடாது என்றது. விதியின் நோக்கம் நியாயமானதா? அந்த நோக்கத்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவோடு நிற்கிறதா? இரண்டு கேள்விகள். கேட்டுப் பார்த்துவிட்டு, இந்த விதி அளவோடுதான் இருக்கிறது என்று சொல்லி, நீச்சல்காரர்களின் வழக்கைத் தள்ளுபடியும் செய்தது. அவர்கள் தோற்றார்கள். ஆனால் கேள்வி ஜெயித்தது.

அந்த இரண்டாவது கேள்விக்கு நம்மிடம் ரொம்ப நாளாகப் பழமொழியே இருக்கிறது: மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதா? மூட்டைப்பூச்சியை ஒழிக்கவேண்டும் என்பதில் தகராறில்லை. கையில் இருப்பது மருந்தா, தீப்பந்தமா என்று பார்க்கவேண்டும். அவ்வளவுதான் ஐரோப்பிய சட்டம். இதற்காக ஆயிரம் பக்கம் எழுதுகிறார்கள்.

சரி, நம் மட்டைக்காரர்களுக்கு வருவோம்.

இந்தியக் கிரிக்கெட் வாரியம் 1928-ல் தோன்றியது. எங்கள் பல்கலைக்கழகத்துக்கு ஒரு வயது மூத்தது. அதன் பதிவு எந்தச் சட்டத்தில் தெரியுமா? தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. உங்கள் தெருக் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கும் அதே சட்டம்தான். ஆண்டுக்குப் பல ஆயிரம் கோடி புரளும் அமைப்பும், தெருவிளக்கு எரியவில்லை என்று மனுக் கொடுக்கும் அமைப்பும் சட்டத்தின் கண்ணில் அண்ணன் தம்பி! இந்திய அணி என்பது வாரியத்தின் அணிதான், தேசத்தின் அணியல்ல என்று வாரியம் கோர்ட்டில் வாதாடிய காலமும் உண்டு. 2005-ல் ஜீ டெலிஃபிலிம்ஸ் வழக்கில், வாரியம் அரசின் அங்கமில்லை என்று உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்று தீர்ப்பளித்தது.

இரண்டே வருஷத்தில் அதன் பலன் தெரிந்தது. 2007-ல் ஜீ நிறுவனம் ஐ.சி.எல். என்று தனி கிரிக்கெட் லீக் தொடங்கியது. கபில்தேவ் தலைமையில். வாரியத்துக்கு வந்ததே கோபம்! அங்கே போனவன் இங்கே வரக்கூடாது என்றது. இந்தியாவுக்கு மட்டுமில்லை, ரஞ்சிக்கும் ஆட முடியாது. போன பழைய ஆட்டக்காரர்களின் பென்ஷனையும் நிறுத்தினார்கள். நம் ஹேமங் பதானி உட்படப் பலர் போனார்கள். சென்னை சூப்பர்ஸ்டார்ஸ் என்று ஓர் அணி இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? முதல் கோப்பையே அவர்களுக்குத்தான். 2007 டிசம்பரில், பஞ்ச்குலாவில். பெரிய மைதானங்களெல்லாம் வாரியத்தின் கையில் இருந்ததால் சென்னை அணிக்கு ஹரியானாதான் சொந்த ஊர்! பெயரைக்கூட மறந்துவிட்டோம். 2009-ல் வாரியம் 'பொதுமன்னிப்பு' என்று அறிவித்தது. அந்த வார்த்தையைப் பாருங்கள். வேறொரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்ததற்கு மன்னிப்பு.

ஐரோப்பாவில் அச்சு அசலாக இதே கதை நடந்தது. டைட்டர்ட், கெர்ஸ்டால்ட் என்று இரண்டு டச்சு ஸ்கேட்டிங் வீரர்கள். துபாயில் தனியார் ஒருவர் பனிச்சறுக்குப் பந்தயம் நடத்த இருந்தார். போனால் ஆயுள் தடை என்றது சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம். 2014-ல் புகார் கொடுத்தார்கள். 2023 டிசம்பர் 21 அன்று தீர்ப்பு வந்தது. விளையாட்டை நடத்துகிறவனே அதற்கு அனுமதியும் கொடுக்கிறவன், அதிலே சம்பாதிக்கிறவனும் அவனே என்றால், அனுமதிக்கும் தடைக்கும் வெளிப்படையான, பாரபட்சமற்ற, அளவான விதிகள் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அது வியாபாரப் போட்டியை நசுக்குவது. அதே நாளில் கால்பந்து சூப்பர் லீக் வழக்கிலும் இதையே சொன்னார்கள்.

இங்கே அந்தக் காரியத்தைச் செய்யவேண்டியது போட்டி ஆணையம். ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமையை விற்றபோது, பத்து வருஷத்துக்கு வேறு எந்தப் போட்டி லீகையும் அனுமதிக்கமாட்டோம் என்று வாரியம் வாக்குக் கொடுத்திருந்தது. அதற்காக 2013-ல் ரூ.52.24 கோடி அபராதம். அப்பீலில் ரத்து. 2017-ல் மறுபடியும் அதே 52.24 கோடி. செஸ்ஸும் தப்பவில்லை. பல வருஷம் சென்னையிலிருந்து நிர்வாகம் நடத்திய அகில இந்திய செஸ் ஃபெடரேஷன், தன்னிடம் அனுமதி வாங்காத டோர்னமெண்ட்டில் ஆடமாட்டேன் என்று ஆட்டக்காரர்களிடம் எழுதி வாங்கிக்கொண்டிருந்தது. மீறினால் ரேட்டிங்குக்கே ஆபத்து. 2018-ல் ஆணையம் இது தவறு என்று ரூ.6.92 லட்சம் அபராதம் போட்டது. புகார் கிளம்பியது 2011-ல். ஏழு வருஷம்! விஸ்வநாதன் ஆனந்தின் ஊரில், காய் நகர்த்துவதற்கு அனுமதி கேட்கவேண்டியிருந்தது என்பது எனக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

பிறகு அந்தப் புகழ்பெற்ற 6.2.4. வாரியத்தின் விதிப் புத்தகத்தில் ஒரு வரி: வாரியம் நடத்தும் போட்டிகளில் நிர்வாகிகளுக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ வியாபார லாபம் இருக்கக்கூடாது. நல்ல வரி. 2008-ல் அதன் வாலில் ஒரு திருத்தம் ஒட்டினார்கள்: ஐ.பி.எல். போன்றவை நீங்கலாக. சென்னை சூப்பர் கிங்ஸின் சொந்தக்காரர் அப்போது இந்தியா சிமெண்ட்ஸ். அதை நடத்திய என்.சீனிவாசன் வாரியத்திலும் பொறுப்பில் இருந்தார், பிறகு தலைவரும் ஆனார். செங்கல் சாய்ந்து கிடக்கிறது, 'நான் ரெடியே ஆகலை' என்கிறான் மட்டைக்காரன். 2015 ஜனவரி 22-ல் நீதிபதிகள் டி.எஸ்.தாக்கூர், கலிஃபுல்லா (நம் காரைக்குடிக்காரர்) அந்தத் திருத்தத்தைச் செல்லாது என்றார்கள். வாரியம் அரசின் அங்கமாக இல்லாவிட்டாலும், அது செய்வது பொதுக் காரியம். ஆகவே கேள்வி கேட்க ரிட் மனுப் போடலாம் என்றும் சொன்னார்கள். சூதாட்டத்தை மூடி மறைத்தார் என்று சீனிவாசன் மேல் வந்த குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை என்று அதே தீர்ப்பு சொன்னதையும் சேர்த்தே சொல்லவேண்டும், அதுதான் முறை. ஜூலையில் லோதா கமிட்டி சென்னை, ராஜஸ்தான் அணிகளை இரண்டு வருஷம் நிறுத்தி வைத்தது. அப்போது எங்கள் தெருவில் துக்க வீடு மாதிரி இருந்தது. 2018-ல் திரும்பி வந்து கோப்பையையும் வாங்கியபோது பட்டாசு. விதி 6.2.4-க்காக ஒருத்தரும் பட்டாசு வெடிக்கவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் பணக் கணக்கு. பணக் கணக்கில் நியாயம் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. கஷ்டமான கணக்கு ஒன்று புதுக்கோட்டைப் பக்கம் இருக்கிறது.

கத்தக்குறிச்சி. சாந்தி சௌந்தரராஜன். அப்பா அம்மா செங்கல் சூளைத் தொழிலாளிகள். 2006 டிசம்பர், தோஹா ஆசிய விளையாட்டு, பெண்கள் 800 மீட்டர். இரண்டு நிமிடம் 3.16 விநாடி. வெள்ளி. சில நாட்கள்தான். பாலினச் சோதனையில் 'தேறவில்லை' என்று மெடலைப் பறித்தார்கள். ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றிய மருத்துவ அறிக்கை, ரகசியக் காகிதமாக இருக்கவேண்டியது, டி.வி.யில் செய்தியாக ஓடியது. அவர் எந்த மருந்தும் சாப்பிடவில்லை. எதையும் மறைக்கவில்லை. பெண்ணாகப் பிறந்து, பெண்ணாக வளர்ந்து, பெண்ணாக ஓடியவர். உன் தரப்பு என்ன என்று ஒரு விசாரணை உண்டா? இல்லை. காரணம் விளக்கி ஒரு கடிதம், அப்பீல் செய்ய ஒரு வாசல்? எதுவும் இல்லை. அப்போதைய முதல்வர் கருணாநிதி அறிவித்த 15 லட்ச ரூபாயைச் சோதனைச் செய்தி வந்த பிறகும் கொடுத்தார். அது ஒன்றுதான் அந்த நேரத்தில் யாரோ மனிதர்களாக நடந்துகொண்டதற்குச் சாட்சி. 2007-ல் உயிரை விட முயன்று பிழைத்தார். 2012-ல் அதே செங்கல் சூளையில் தினக்கூலிக்கு நின்றதாகப் பத்திரிகைகளில் வந்தது. பிறகு பாட்டியாலாவில் பயிற்சியாளர் படிப்பு முடித்து, தமிழக விளையாட்டு ஆணையத்தில் கோச் ஆனார்.

இப்போது ஒடிசாவின் தூத்தி சந்த். 2014-ல் காமன்வெல்த் போட்டிக்குப் புறப்படும் நேரத்தில் அவரை நிறுத்தினார்கள். உடம்பில் டெஸ்டோஸ்டெரோன் அதிகம் என்று காரணம். தூத்தி ஸ்விட்சர்லாந்தில், லாஸேன் நகரில் இருக்கும் விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனார். கனடா நாட்டு வக்கீல்கள் ஃபீஸ் வாங்காமல் வாதாடினார்கள். 2015 ஜூலையில் மன்றம் அந்த விதியையே நிறுத்தி வைத்தது. தூத்தி மறுபடி ஓடினார். இரண்டு ஏழை வீட்டுப் பெண்கள், இரண்டு பேரையும் நிறுத்தியது அவரவர் உடம்பைப் பற்றிய கேள்வி, இடையில் எட்டு வருஷம். கூட யாராவது நின்றார்களா இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

மாஸ்டர் இந்த இடத்தில் நின்றேவிட்டார். ஆறு சுற்றில் முதல்முறை.

"தம்பி, அந்தப் பொண்ணு பாவம்தான். ஒத்துக்கறேன். ஆனா நாலாவதா வந்த பொண்ணும் ஒரு வீட்டுப் பொண்ணுதானே? அதுவும் காலைல நாலரைக்கு எழுந்து ஓடினதுதானே? ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒரே ரேஸ் வெச்சா பொம்பளை பேரே வராது. அதுக்குத்தான் தனியாப் பிரிச்சோம். பிரிச்சா, கோடு எங்கேன்னு சொல்லியாகணும்ல?"

சரியான கேள்வி. உலகமே இதில் தடுமாறுகிறது. 2018-ல் தடகள சம்மேளனம் 400 மீட்டரிலிருந்து ஒரு மைல் வரை மட்டும் என்று புதுக் கோடு போட்டது. தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா எதிர்த்தார். 2019-ல் லாஸேன் மன்றம் என்ன சொன்னது தெரியுமா? இந்த விதி பாரபட்சமானது. ஆனால் பெண்கள் பிரிவைக் காப்பாற்ற இந்தப் பாரபட்சம் தேவை, அளவானதும்கூட. இரண்டுக்கு ஒன்று என்ற தீர்ப்பு. மூட்டைப்பூச்சிக் கேள்வியைக் கேட்டுத்தான் அந்தப் பதிலுக்கு வந்தார்கள். செமன்யா ஸ்விஸ் உச்ச நீதிமன்றம் போனார், தோற்றார். ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் போனார். 2025 ஜூலை 10 அன்று அதன் பெரிய அமர்வு தீர்ப்பளித்தது. பாரபட்சமா இல்லையா என்பதற்குள் அது போகவில்லை. அது தன் அதிகாரத்துக்கு வெளியே என்றது. ஆனால் ஒன்று சொன்னது: வீரர்களுக்கு லாஸேன் மன்றத்தைவிட்டால் வேறு வழி இல்லை, அது அவர்கள் விரும்பிப் போன பஞ்சாயத்து இல்லை, கட்டாயப் பஞ்சாயத்து. அப்படிப்பட்ட தீர்ப்பை ஸ்விஸ் நீதிமன்றம் இன்னும் கறாராகத் துருவிப் பார்த்திருக்கவேண்டும், பார்க்கவில்லை, ஆகவே செமன்யாவுக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை.

லாஸேன் மன்றத்தை 1984-ல் உருவாக்கியதே ஒலிம்பிக் கமிட்டிதான் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். மட்டைக்காரன் கூட்டிய பஞ்சாயத்து.

எனக்குத் தோன்றுவது இது. கோடு வேண்டும் என்று மாஸ்டர் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். கோடு எங்கே என்று மருத்துவர்களும் வீராங்கனைகளும் சண்டை போட்டுத் தீர்க்கட்டும். வாரப் பத்திரிகையில் எழுதுகிறவன் தீர்க்கிற விஷயமில்லை. ஆனால் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்க நேர்ந்த ஒருத்தியை எப்படி நடத்தவேண்டும் என்பதற்கு மருத்துவம் தெரியவேண்டியதில்லை. முன்கூட்டியே சொல்லவேண்டும். ரகசியம் காக்கவேண்டும். அவள் பேசுவதைக் கேட்கவேண்டும். எதிர்த்துக் கேட்க ஓர் இடம் இருக்கவேண்டும், அந்த இடம் மட்டைக்காரன் வீட்டுத் திண்ணையாக இருக்கக்கூடாது. நாலாவதாக வந்த பெண்ணுக்கு நியாயம் செய்ய, இரண்டாவதாக வந்த பெண்ணைச் சூளைக்கு அனுப்பவேண்டிய அவசியம் என்ன? இருவருக்கும் பணமும் மனமும் இல்லாமல் போனது சங்கத்துக்குத்தான்.

2025 ஆகஸ்டில் நம் நாடாளுமன்றம் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டத்தை நிறைவேற்றியது. விளையாட்டுச் சங்கங்களின் தகராறுகளுக்குத் தனித் தீர்ப்பாயம் என்கிறது. கிரிக்கெட் வாரியமும் அதற்குள் வருகிறது. தகவல் அறியும் உரிமை மட்டும் அரசிடம் பணம் வாங்கும் சங்கங்களுக்கு. வாரியம்தான் யாரிடமும் பணம் வாங்குவதில்லையே! (மாஸ்டர் இதற்குச் சிரித்தார்.)

"அந்தத் தீர்ப்பாயத்துல பழைய கேஸெல்லாம் எடுப்பாங்களா தம்பி?" என்று கேட்டார்.

யாருடைய கேஸ் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தோஹா 2006, பெண்கள் 800 மீட்டர் பட்டியலில் வெள்ளிக்கு நேராக வேறொரு பெயர்தான் இருக்கிறது.